ஒரு மாரியா இருக்கு

கார்த்திகை. காலை ஆறே முக்கால்.
துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் என்று
பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை.
வெறும் வயிற்றோடு வந்தவர்கள் மட்டும்
கால்நடுவில் குடையை நிறுத்திக்கொண்டு
சுவர்க்கடிகாரத்தை முறைக்கிறார்கள்.

ரத்தம் எடுப்பது என் வேலை.
ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி.
பெயரை ஒட்டுத்தாளில் துப்பும் இயந்திரத்துக்குத்
தமிழ் தெரியாது.
எம், ஏ, ஆர், ஐ.
கூரை ஒழுகி நனைந்த தாங்கியில்
மூன்று குழாய்களில் அதே நான்கு எழுத்து.
வயதும் எண்ணும் இருந்த இடத்தில்
நீலமாய் ஒரு கசிவு.

சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டும். விதி.
கொட்டிவிட்டு, வாசலுக்குப் போய்
"மாரி" என்றேன்.
மூவர் எழுந்தார்கள்.

முதலாமவள் புளியந்தோப்பு.
இரவு முழுக்க அடைப்பெடுத்த கையைச்
சோப்பு போட்டும் நம்பாமல்
சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"நான் வயித்துல இருக்கசொல்ல
எங்கம்மாவுக்கு முத்து போட்டுச்சு.
வேப்பிலை மேல பொறந்தேன், ஆத்தா பேரு.
மழைன்னும் சொல்றாங்க.
எனக்கு மழைன்னா சாக்கடை, வேற இன்னா?"

காசிமேட்டுப் பெரியவர் உண்மையில் மரியான்.
பதிவெழுதிய பையன்
பாதிப் பெயரோடு டீ குடிக்கப் போயிருக்கிறான்.
"மாதா பேரு தாயி.
கசப்புன்னு அர்த்தம் சொன்னாரு ஒரு சாமியாரு.
மாத்தலாகி வந்தவரு, இல்ல, கடல்னாரு.
ரெண்டும் ஒண்ணுதான்.
நான் குடிச்சுப் பாத்திருக்கேன்."
சர்க்கரை முன்னூறைத் தாண்டும் என்று
அவர் கால்விரல் பார்த்தே தெரிந்தது.
சொல்லவில்லை.

மூன்றாமவள் ஒரகடத்துக் கார்க் கம்பெனி,
மரி ஓகாபே.
"தமிழ், கொஞ்சம் கொஞ்சம்" என்றவள்
கண்ணாடித் தடுப்பின் ஆவியில்
விரலால் இரண்டு எழுத்து வரைந்தாள்.
முதலாவது, உண்மை.
இரண்டாவதற்குச் சொல் கிடைக்காமல் தேடி
வாசலில் நனையும் பூக்கூடையைக் காட்டினாள்.
மல்லி.
போனில் தட்டி நீட்டினாள்:
இந்தப் பக்கத்திலிருந்துதான் போனதாம் அந்தச் சொல்,
மல்லிகையாய்க் கிளம்பி, சீனம் கடந்து,
வழியில் ஒவ்வொன்றாய் உதிர்த்து
அவள் ஊரில் "ரி" என்று இறங்கியிருக்கிறது.

மழைக்கும் மாதாவுக்கும் நடுவே
ஒரு துணைக்கால்தான்.
இயந்திரத்துக்கு அந்தக் காலும் கிடையாது.

என் பெயரை மூவரும் கேட்கவில்லை.
கழுத்தட்டை எப்போதும் திரும்பியே தொங்கும்.

மறுபடி ஊசி. மறுபடி இறுகும் ரப்பர்.
"ரத்த மாதிரி கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்குங்க"
என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
புளியந்தோப்பு மாரி சொன்னாள்:
"தலை ஒரு மாரியா இருக்கும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும்.
இந்த ஊர் வாய்க்கு
"மாதிரி" என்று முழுதாய்ச் சொல்லப் பொறுமையில்லை.
நடுவெழுத்தை விழுங்கினால்
குழாயில் இருப்பதும் மாரி,
கூப்பிட்டால் வருவதும் மாரி,
ஒன்று இன்னொன்று போல இருப்பதும் மாரி.

அவள் சாய்ந்தது அப்போதுதான்.
பெரியவர் தோளைப் பிடித்தார்,
ஓகாபே பையைக் கிளறி
எனக்குப் பெயர் தெரியாத மிட்டாய் ஒன்றைப் பிரித்தாள்.
"ரத்தம் எடுத்தாச்சு இல்ல? துன்னலாம்" என்று
கண்ணைத் திறக்காமலே வாங்கிக்கொண்டாள் மாரி.

இந்தமுறை கையால் எழுதினேன்.
துணைக்காலோடு ஒன்று. காலில்லாமல் ஒன்று.
மூன்றாவதில்
கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்த எழுத்தைப்
பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
ஒரு கோடு விட்டுப்போயிருக்கலாம்.
இயந்திரம் மூன்றையும் வெளியே தள்ளியது.

மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
எட்டிப் பார்த்தாள் மாரி.
"இன்னா மாரி கீது அது?"

"மல்லிப்பூ மாரி" என்றேன்.